ஓல்ட்-ஃபேஷண்ட், குட்-லுக்கிங், செகண்ட்-ஹேண்ட்: அழுத்தம் எந்தப் பாதியில்?

தஞ்சை_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். மாலை வகுப்பில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கும் ஆங்கிலம் எடுக்கிறேன். இப்போது காம்பவுண்ட் அட்ஜெக்டிவ் பாடம். இரண்டு சொல் சேர்ந்து ஒரே அடைமொழியாக நிற்கும் வகை. சிலபிள் பிரிப்பதும் ஸ்ட்ரெஸ் குறிப்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

சிக்கல் இதுதான். கையிலிருக்கும் கைடு, 'பழைய பாணியிலான' என்று பொருள்படும் ஓல்ட்-ஃபேஷண்ட் என்ற சொல்லுக்கு நான்கு அசை, அழுத்தம் முதல் அசையில் என்கிறது. அகராதியைப் பார்த்தால் அழுத்தக் குறி 'ஃபேஷ்' என்பதற்கு முன்னால் நிற்கிறது. குட்-லுக்கிங், செகண்ட்-ஹேண்ட் இரண்டுக்கும் இதே கதை. இதற்கு நடுவில் ஒரு மாணவி, "டீச்சர், அன் ஓல்ட்-ஃபேஷண்ட் ஹவுஸ் என்று அவர்கள் சொல்லும்போது ஓல்ட்தானே பலமாகக் கேட்கிறது?" என்றாள். அவள் காது பொய் சொல்லவில்லை, நானும் கேட்டுப் பார்த்தேன்.

கைடு சரியா, அகராதி சரியா, அவள் காது சரியா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு உதவும்.

ரயிலடி_ரவி

வணக்கம் மேடம். இதில் குழப்பமே வேண்டாம். இரண்டு சொல் ஒட்டினால் அழுத்தம் முதல் சொல்லில். பிளாக்போர்டு, கிரீன்ஹவுஸ், பிளாக்பேர்டு எல்லாமே அப்படித்தான். தனித்தனியாக இருந்தால் கடைசிச் சொல்லில். கறுப்பு நிறத்தில் ஏதோ ஒரு பறவை என்றால் பிளாக் ˈபேர்டு. அந்தப் பெயருள்ள பறவையினம் என்றால் ˈபிளாக்பேர்டு. கைடு சொல்வது சரி.

குரல்வளம்_கோமதி

ரவி சார், நீங்கள் காட்டிய மூன்றும் பெயர்ச்சொற்கள். கூட்டுப் பெயர்ச்சொல்லில் முதல் பாதி அழுத்தம் பெறுவதுதான் பெரும்பான்மை, அதில் சந்தேகமில்லை. அந்த விதியை அப்படியே அடைமொழிக்குத் தூக்கிக்கொண்டு வருவதுதான் நம் ஊர் கைடுகள் பலவற்றில் இருக்கும் கோளாறு. அடைமொழிகளில் பெரிய கூட்டம் ஒன்று இரண்டாம் பாதியில்தான் முதன்மை அழுத்தம் வாங்கும். முதல் பாதிக்குக் கிடைப்பது துணை அழுத்தம் மட்டும்.

கால் சென்டர் ஊழியர்களுக்குக் குரல் பயிற்சி கொடுப்பது என் வேலை. டீச்சரின் சொல்லையே எடுத்துக்கொண்டு, நான் வகுப்பில் செய்கிற வரிசையில் எழுதுகிறேன். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்று போடுகிறேன்.

முதலில் இணைப்பில் வெட்டுங்கள். ஓல்ட் | ஃபேஷண்ட். வேறு எந்தக் கணக்கும் இதற்குப் பிறகுதான். அடுத்து, ஒவ்வொரு பாதியிலும் உயிரொலி எத்தனை என்று பாருங்கள். எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். ஓல்ட்: ஓர் உயிரொலி, ஓர் அசை. ஃபேஷண்ட்: 'ஃபேஷ்', 'அண்ட்' என்று இரண்டு. மொத்தம் மூன்று. கைடுக்கு நான்கு எப்படி வந்தது தெரியுமா? கடைசியில் இருக்கும் இ-டி விகுதியை 'எட்' என்று தனி அசையாக எண்ணியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த இ இங்கே ஒலிப்பதில்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள் டீச்சர். பிள்ளைகளை மேசையில் தட்டி எண்ணச் சொன்னால் சிலர் ஐந்து தட்டுவார்கள். 'ஓல்-டு-ஃபே-ஷன்-டு'. தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் நம் வாய் ஓர் உகரத்தைத் தானாகவே சேர்த்துவிடும். அந்த உகரம் ஒவ்வொன்றும் ஆங்கிலக் காதுக்கு ஒரு முழு அசை. உகரத்தை நிறுத்தினாலே எண்ணிக்கை பாதி சரியாகிவிடும். ட் ஒலியில் நாக்கை மேலண்ணத்தில் வைத்து அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள், விடச் சொல்லாதீர்கள்.

மூன்றாவதாகத்தான் அழுத்தம். ˌஓல்ட்-ˈஃபேஷ்-அண்ட். கீழே போட்ட கோடு துணை அழுத்தம். அகராதி காட்டுவது இதைத்தான். அதுவே அந்தச் சொல் தனியாக நிற்கும்போது வரும் உச்சரிப்பு.

தஞ்சை_டீச்சர்

கோமதி மேடம், மிக்க நன்றி. 'ஓல்-டு-ஃபே-ஷன்-டு' என்று ஐந்து தட்டுவது என் வகுப்பில் நாள்தோறும் நடப்பது! ஆனால் அந்த மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. தனியாகச் சொன்னால் ஃபேஷ். ஹவுஸ் என்று பின்னால் சேர்த்தால் ஓல்ட். ஏன்?

லண்டன்_மாறன்

அந்தப் பொண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்க டீச்சர். அவங்க கேட்டது ஆங்கில ஒலியியலில் பேர் பெற்ற ஒரு விஷயம். ஸ்ட்ரெஸ் ஷிஃப்ட்னு சொல்வாங்க, அழுத்தம் இடம் பெயர்றது.

இந்த ரெண்டு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

தி ரைட்டர் இஸ் ˌவெல்-ˈநோன்.
அ ˈவெல்-நோன் ˈரைட்டர்.

முதல் வாக்கியத்துல அடைமொழி கடைசியில வருது. பின்னால யாரும் இல்லை. அதனால அகராதி சொன்ன இடத்துலயே அழுத்தம் நிக்குது. ரெண்டாவதுல உடனே ரைட்டர்னு ஒரு பெயர்ச்சொல். அதோட முதல் அசையே அழுத்தம் உள்ளது. ˈநோன் ˈரைட்னு ரெண்டு பலமான அசை முட்டிக்கிட்டு நின்னா ஆங்கில நடை தட்டும். அதனால முன்னாடி இருக்கிற அழுத்தம் பின்வாங்கி, ஏற்கெனவே துணை அழுத்தம் இருக்கிற 'வெல்' மேல போய் உட்காருது. இப்ப பலம், தளர்வு, பலம்னு சீரா போகும்.

அடைமொழியில மட்டும் இல்லை. தேர்ட்டீன் தனியா சொன்னா 'டீன்'ல அழுத்தம். தேர்ட்டீன் மென்னு சொன்னா 'தேர்'ல. இங்க லண்டன்ல பிக்கடில்லின்னு ஒரு தெரு. தனியா சொன்னா ˌபிக்க-ˈடில்லி. பிக்கடில்லி சர்க்கஸ்னு சேர்த்துச் சொன்னா ˈபிக்கடில்லி ˈசர்க்கஸ். ஒரே ஆள், ஒரே மூச்சுல ரெண்டு விதமாவும் சொல்றதை இங்க தினமும் கேக்கலாம்.

1977-ல மார்க் லிபர்மன், ஆலன் பிரின்ஸ்னு ரெண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் ஆங்கில அழுத்தத்தையும் தாளத்தையும் பத்தி ஒரு பெரிய கட்டுரை எழுதினாங்க. இந்த முட்டலையும் பின்வாங்கலையும் கோட்பாடா ஆக்கிக் காட்டினது அதுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியர் ஜான் வெல்ஸ் 1990-ல வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில, இப்படி அழுத்தம் நகரக்கூடிய சொற்களுக்குப் பக்கத்துல ஒரு சின்ன முக்கோணக் குறியே போட்டிருப்பார்.

ஆக, அகராதியும் சரி, பொண்ணோட காதும் சரி. கைடு சொன்ன முதல் பாதி அழுத்தம், பெயர்ச்சொல் பின்னால வரும்போது மட்டும் பொருந்தும்.

ரயிலடி_ரவி

மாறன், நல்ல விளக்கம். ஆனால் ஓர் ஆட்சேபணை. வாட்டர்ப்ரூஃப், ஹோம்சிக், பிரெத்டேக்கிங் இவையும் அடைமொழிதானே? இவை மூன்றுக்கும் அகராதியே முதல் பாதியில்தான் குறி போட்டிருக்கிறது. 'ஐ ஆம் ஹோம்சிக்' என்று வாக்கியத்தின் கடைசியில் வந்தாலும் ˈஹோம்தான். அப்படியானால் இரண்டாம் பாதி என்பதும் விதி இல்லையே. தேர்வெழுதப் போகிற பிள்ளைக்கு எது எங்கே என்று எப்படித் தெரியும்? ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்.

குரல்வளம்_கோமதி

கேட்க வேண்டிய கேள்வி. இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

முதல் பாதி என்ன வகைச் சொல் என்று பாருங்கள். அது அடைமொழியாகவோ வினையடையாகவோ எண்ணாகவோ இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாம் பாதிக்குப் போகும். குட்-ˈலுக்கிங், ஹார்ட்-ˈவொர்க்கிங், வெல்-ˈநோன், பேட்-ˈடெம்பர்ட், ஷார்ட்-ˈசைட்டட், ஃபர்ஸ்ட்-ˈகிளாஸ், செகண்ட்-ˈஹேண்ட். இந்தக் கூட்டம் ஏறக்குறைய கட்டுப்பாடாக நடந்துகொள்ளும். தேர்வில் வருவதும் பெரும்பாலும் இவைதான்.

முதல் பாதி பெயர்ச்சொல்லாக இருக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். இரண்டாம் பாதி ஐ-என்-ஜியில் முடிந்து, முதல் பாதி அதன் செயப்படுபொருளாக இருந்தால் அழுத்தம் முதல் பாதியில். மூச்சை எடுத்துக்கொள்கிறது, ˈபிரெத்டேக்கிங். இதயத்தை உடைக்கிறது, ˈஹார்ட்பிரேக்கிங். நேரத்தைத் தின்கிறது, ˈடைம்-கன்ஸ்யூமிங். சாதனையை முறியடிக்கிறது, ˈரெக்கார்ட்-பிரேக்கிங். தமிழில் 'ஐ' உருபு போட்டுச் சொல்ல முடிகிறதா என்று பார்த்தாலே போதும். குட்-லுக்கிங்கில் அப்படிப் போட முடியாது; 'நல்லதைப் பார்க்கிற' என்று பொருள் இல்லையே.

பெயர்ச்சொல்லோடு சாதாரண அடைமொழி சேர்ந்தால் இரண்டு பிரிவு. 'பனிக்கட்டிபோலக் குளிர்ந்த', 'பனிபோல வெண்மையான' என்று உவமையாக விரிந்தால் இரண்டாம் பாதி: ஐஸ்-ˈகோல்ட், ஸ்நோ-ˈவைட். 'தண்ணீருக்கு எதிராக', 'நிறம் காண முடியாத' என்று வேற்றுமைப் பொருளில் விரிந்தால் பெரும்பாலும் முதல் பாதி: ˈவாட்டர்ப்ரூஃப், ˈகலர்-பிளைண்ட், ˈஹோம்சிக், ˈசீசிக்.

இதில் ஓட்டை உண்டு, அதை மறைக்கவில்லை. 'ஃப்ரீ' சேரும் சொற்களைப் பாருங்கள். டியூட்டி-ˈஃப்ரீ, டேக்ஸ்-ˈஃப்ரீ, ஷுகர்-ˈஃப்ரீ எல்லாம் இரண்டாம் பாதி. கேர்ஃப்ரீ மட்டும் ˈகேர்ஃப்ரீ. பொருள் அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், 'இன்னது இல்லாத'. கேர்ஃப்ரீ வெகுகாலமாக ஒட்டிப் பழகி ஒரே சொல்லாக இறுகிவிட்டது என்றுதான் நான் பார்க்கிறேன். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஹோம்மேட், ஹேண்ட்மேட் போன்றவையும் இரண்டாம் பாதிதான்: ஹோம்-ˈமேட், ஹேண்ட்-ˈமேட்.

முதல் பாதியில் அழுத்தம் பெறும் சொற்களுக்கு மாறன் சொன்ன நகர்தல் கிடையாது. அ ˈபிரெத்டேக்கிங் ˈவியூ. தி வியூ வாஸ் ˈபிரெத்டேக்கிங். இரண்டிடத்திலும் ஒன்றுதான். நகர்வதற்கு எதுவும் இல்லை.

இன்னொரு சொல்லைச் சொல்லாமல் போக மனமில்லை. பெயின்ஸ்டேக்கிங். 'மிகுந்த சிரத்தையோடு செய்கிற' என்று பொருள். எத்தனையோ பேர் இதைப் 'பெயின்-ஸ்டேக்-கிங்' என்று வெட்டுகிறார்கள். ஸ்டேக் என்றொரு ஆங்கிலச் சொல் இருப்பதால் கண் ஏமாறுகிறது. இணைப்பு அங்கே இல்லை. பெயின்ஸ் என்ற பன்மைச் சொல்லோடு டேக்கிங் சேர்ந்திருக்கிறது, பிரெத்டேக்கிங்குக்கு உடன்பிறப்பு. ஒலியே இதற்குச் சாட்சி. நடுவிலுள்ள எஸ் எழுத்தை நல்ல உச்சரிப்பில் கேளுங்கள்: ஜீப்ராவில் வருகிற அதிர்வுள்ள 'ஸ்'. பன்மைச் சொல்லின் ஈற்றில் வருகிற ஒலி அது. டி-யோடு சேர்ந்து 'ஸ்டே' என்று புதிய அசை தொடங்கியிருந்தால் அந்த அதிர்வு வந்திருக்கவே முடியாது. ஆங்கிலச் சொல் எதுவும் அதிர்வுள்ள ஸ்-உம் ட்-உம் சேர்ந்து தொடங்குவதில்லை. ஆக ˈபெயின்ஸ்-டே-கிங், மூன்று அசை. இணைப்பில் முதலில் வெட்டுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

ரயிலடி_ரவி

'ஐ' உருபுச் சோதனை அருமை. மவுத்-வாட்டரிங், லா-அபைடிங் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். 'சட்டத்தைக் கடைப்பிடிக்கிற' சரியாக வருகிறது. மவுத்-வாட்டரிங் கொஞ்சம் இடிக்கிறது. வாயை நீர் ஊறச் செய்கிற என்று சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழுத்தம் மட்டும் முதல் பாதியில்தான் இருக்கிறது.

யாழ்_வாசகி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். இந்த இழை எங்கட பிள்ளைகளுக்கும் நல்ல பிரயோசனம். ஒரு சந்தேகம். இ-டி விகுதி தனி அசை இல்லை எண்டு கோமதி அக்கா சொன்னா. ஆனால் கைண்ட்-ஹார்ட்டட் எண்ட சொல்லில அது தெளிவாக் கேட்குதே? த்ரீ-லெகட் எண்டும் சொல்லுகினம். மிடில்-ஏஜ்ட் எப்பிடி? 'ஏஜட்' எண்டு சொல்லவேணுமோ?

ஒலியியல்_மாணவன்

அக்கா, இதற்கு நான் பதில் சொல்லலாமா? எம்.ஏ. மொழியியல் படிக்கிறேன், இது எங்கள் பாடத்தில் வருகிறது.

விகுதிக்கு முந்தைய ஒலி ட் அல்லது ட்-இன் அதிர்வுள்ள இணை, அதாவது டி, டி-யின் இணையான டீ-எழுத்து ஒலிகளாக இருந்தால் மட்டும் விகுதி தனி அசையாகும். ஹார்ட், ஹேண்ட், மைண்ட், சைட், பிளட், ஹெட் எல்லாமே அப்படி முடிகின்றன. அதனால் கைண்ட்-ஹார்ட்-டட் மூன்று அசை, லெஃப்ட்-ஹேண்ட்-டட் மூன்று, ஆப்-சென்ட்-மைண்ட்-டட் நான்கு. மற்ற ஒலிகளுக்குப் பின்னால் விகுதி வெறும் மெய்யாக ஒட்டிக்கொள்ளும். ப்ளூ-ஐட் இரண்டே அசை. ரெட்-ஹேர்ட் இரண்டு. டூ-ஃபேஸ்ட் இரண்டு. குட்-நேச்சர்ட் மூன்று.

த்ரீ-லெகட் விலக்கு. விதிப்படி 'லெக்ட்' என்று ஓரசையாகத்தான் வரவேண்டும். பிரிட்டிஷ் அகராதிகள் 'லெகிட்' என்ற ஈரசையையும் சேர்த்தே தருகின்றன. அதனால் மொத்தம் மூன்று அசை என்றாலும் தவறில்லை, இரண்டு என்றாலும் தவறில்லை. நேக்கட், விக்கட், க்ரூக்கட் போன்ற பழைய அடைமொழிகளில் இந்தத் தனி அசை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

மிடில்-ஏஜ்ட் அழகான சொல். 'முதிய மனிதர்' என்ற பொருளில் ஏஜ்ட் தனியாக வந்தால் 'ஏ-ஜிட்' என்று இரண்டு அசை. மிடில்-ஏஜ்டில் அதே எழுத்துகள் ஓரசைதான். மிட்-ல்-ஏஜ்ட், மூன்று. நடுவில் இருக்கும் 'ல்' உயிரெழுத்து இல்லாமலேயே ஓர் அசையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முடியும். அழுத்தம் மிடில்-ˈஏஜ்ட், மனிதன் பின்னால் வந்தால் ˈமிடில்-ஏஜ்ட் ˈமேன்.

அகராதி பார்ப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் தலைச்சொல்லுக்கு நடுவே புள்ளிகள் இருக்கும். அவை அசைப் பிரிப்பு என்று எண்ணி எண்ணாதீர்கள். அச்சில் வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டும் புள்ளிகள் அவை. ஒற்றை எழுத்து தனியே தொங்கக் கூடாது என்பது அச்சுக்காரர் வழக்கம். அதனால் ஈஸிகோயிங் என்ற சொல்லில் 'ஈஸி'க்கு நடுவில் புள்ளியே இராது. புள்ளியை வைத்து எண்ணினால் மூன்று. வாயால் சொன்னால் ஈ-ஸி-கோ-இங், நான்கு. உச்சரிப்புக் குறிப்பு இருக்கும் பகுதியில்தான் உண்மையான அசை தெரியும்.

இன்னொன்று குறியின் இடம். பன்னாட்டு ஒலிக்குறி முறையில் அழுத்தக் குறி அசைக்கு முன்னால் வரும். அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதி அசைக்குப் பின்னால் போடும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள், முன்னுரைப் பக்கத்தைப் படிக்காவிட்டால் அழுத்தத்தை ஓர் அசை தள்ளிப் படித்துவிடுவார்கள்.

யாழ்_வாசகி

நன்றி தம்பி. ஏஜ்ட் ரெண்டு விதமாய் வாறது இப்பத்தான் விளங்குது. ஒரு சின்னத் தெளிவு: விகுதிக்கு முதல் வாற ஒலி எண்டு நீங்கள் எழுதினது கொஞ்சம் சிக்கலாய்க் கிடக்கு. அதை இன்னும் நேராச் சொல்லுங்கோ.

ஒலியியல்_மாணவன்

தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வந்த சிக்கல் அக்கா. ஆங்கில நெடுங்கணக்கில் இருபதாம் எழுத்தின் ஒலி ஒன்று, 'டென்' என்ற சொல்லின் முதல் ஒலி. நான்காம் எழுத்தின் ஒலி மற்றது, 'டாக்' என்ற சொல்லின் முதல் ஒலி. அடிச்சொல் இந்த இரண்டில் ஒன்றில் முடிந்தால் விகுதி தனி அசை. ஹார்ட் முதலாவதில் முடிகிறது, ஹேண்ட் இரண்டாவதில் முடிகிறது.

டெல்டா_தமிழன்

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வியை வைத்தே ஆக வேண்டும். நாம் பேசுவது இந்திய ஆங்கிலம். சென்னையில் பேசினாலும் டெல்லியில் பேசினாலும் ஓல்ட்-ஃபேஷண்டை எங்கே அழுத்தினாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது. இங்கிலாந்துக்காரரின் தாளத்தை நம் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும்? தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளையிடம் முதன்மை, துணை, நகர்தல் என்று அடுக்கினால் வாயைத் திறக்கவே பயப்படும். பேசப் பயப்படாமல் இருப்பது இதைவிட முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

லண்டன்_மாறன்

நியாயமான கவலைதாங்க. பயமுறுத்திச் சொல்லித்தர்றதுல எனக்கும் உடன்பாடு இல்லை. இதைப் பத்தி ஆராய்ச்சி உலகத்துலயும் வாதம் இருக்கு. பல நாட்டுக்காரங்க தங்களுக்குள்ள பேசுற ஆங்கிலத்துக்கு எந்த ஒலிகள் அவசியம்னு ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல ஒரு அடிப்படைப் பட்டியல் கொடுத்தாங்க. அதுல தனிச்சொல் அழுத்தத்தை வெளியில விட்டுட்டாங்க. உங்க பக்கம் பேசுற மாதிரிதான். ஆனா வாக்கியத்துல எந்தச் சொல் முக்கியம்னு காட்டுற மைய அழுத்தத்தை அவசியம்னு உள்ளே வெச்சாங்க.

வெல்-நோன் ரைட்டர் விஷயம் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. அழுத்தம் நகர்றது சொல்லோட விஷயம் மட்டும் இல்லை, வாக்கியத்தோட தாளம். கேக்கறவங்க காது அடுத்த பலமான அசை எங்க வரும்னு எதிர்பார்த்துக்கிட்டே போகுது. ரைட்டர்ங்கிறதுதான் செய்தி, அது எடுப்பாத் தெரியணும். நோன் மேலயும் ரைட் மேலயும் ஒரே பலத்தைப் போட்டா செய்தி எதுன்னு மங்கிப் போகும். இங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் பலர் இலக்கணம் சுத்தமா பேசுவாங்க. எதிரில இருக்கிறவர் 'சாரி?'ன்னு திரும்பக் கேப்பார். பெரும்பாலும் காரணம் ஒலி இல்லை, எல்லா அசைக்கும் ஒரே பலம் கொடுக்கிறதுதான்.

குரல்வளம்_கோமதி

தமிழன் சார், என் அனுபவமும் மாறன் சொல்வதோடு ஒத்துப்போகிறது. உச்சரிப்பை 'வெள்ளைக்காரத்தனமாக' மாற்ற நான் யாரையும் கேட்பதில்லை. நம் ட், நம் ர, நம் ஆ எல்லாம் அப்படியே இருக்கட்டும். அசை எண்ணிக்கையும் அழுத்தமும் சரியாக இருந்தால் அந்த ஒலிகளோடேயே எல்லோருக்கும் புரிகிறது. பயப்படும் பிள்ளைக்கு விதி சொல்வதற்கு முன்னால் தாளம் தட்டிக் காட்டுங்கள். பலமான அசைக்குக் கைதட்டு, மற்றதற்கு விரல். பாட்டுக்குத் தாளம் போட்டுப் பழகிய பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

டெல்டா_தமிழன்

ஒலிகளை மாற்றத் தேவையில்லை என்பது உடன்பாடு. இந்திய ஆங்கிலத்துக்கென்று ஒரு தாளம் உருவாகி வருகிறது, அதற்கும் ஒரு நாள் அகராதியில் இடம் வரவேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை. தாளம் தட்டிக் காட்டுவது நல்ல வழி.

தஞ்சை_டீச்சர்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. பிள்ளைகள் கேட்கப்போகும் அடுத்த கேள்வி எனக்கு இப்போதே தெரியும்: தேர்வில் எதை எழுதுவது? தனிச்சொல்லாகக் கொடுத்து அழுத்தம் குறி என்றால்? வாக்கியத்துக்குள் கொடுத்தால்? செல்ஃப்-சஃபிஷண்ட், வெல்-எஜுகேட்டட் போன்ற நீளமான சொற்களில் 'இரண்டாம் பாதி' என்றால் அதில் எந்த அசை? சிலர் கடைசி அசையில் குறி போட்டுவிடுகிறார்கள்.

குரல்வளம்_கோமதி

தனிச்சொல்லாகக் கேட்டால் அகராதி வடிவம்தான், நகர்தலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஓல்ட்-ˈஃபேஷண்ட் என்று எழுதட்டும். வாக்கியத்துக்குள் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து, அந்த வாக்கியத்தைப் படித்துக் குறிக்கச் சொன்னால் ˈஓல்ட்-ஃபேஷண்ட் ˈஹவுஸ். கைடின் விடைக்குறிப்பு வேறாக இருந்து மதிப்பெண் போய்விடுமோ என்று அஞ்சினால், விடையோடு எந்த நிலையில் எந்த அழுத்தம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். திருத்துபவரிடம் காட்டி வாதாட அதுவே ஆதாரம்.

நீளமான சொற்களுக்கு: இரண்டாம் பாதி தனியாக இருந்தால் எந்த அசையில் அழுத்தம் பெறுமோ, கூட்டுச் சொல்லிலும் அதே அசைதான். 'இரண்டாம் பாதி' என்பதைக் 'கடைசி அசை' என்று புரிந்துகொள்வதால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சஃபிஷண்ட் தனியாக ச-ˈஃபி-ஷண்ட். ஆகவே செல்ஃப்-ச-ˈஃபி-ஷண்ட், நான்கு அசை, அழுத்தம் மூன்றாவதில். எஜுகேட்டட் தனியாக ˈஎ-ஜு-கே-டட். ஆகவே வெல்-ˈஎ-ஜு-கே-டட், ஐந்து அசை, அழுத்தம் இரண்டாவதில். வெல்-இன்ஃபார்ம்ட் என்றால் இன்-ˈஃபார்ம்ட். வெல்-இன்-ˈஃபார்ம்ட், மூன்று அசை, அழுத்தம் கடைசியில். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் மூன்றிலும் அழுத்தம் முதல் அசைக்கு நகரும், ஏனென்றால் செல்ஃப், வெல் இரண்டிலும் துணை அழுத்தம் இருக்கிறது. அ ˈசெல்ஃப்-சஃபிஷண்ட் ˈஃபார்மர்.

ரயிலடி_ரவி

அப்படியானால் பொலைட் மேன் என்பதில் நகருமா? அதிலும் ˈலைட் ˈமேன் என்று முட்டுகிறதே.

லண்டன்_மாறன்

நகராது ரவி. 'பொ'ங்கிற முதல் அசையில துணை அழுத்தம்கூட இல்லை, உயிரே தேஞ்சு போன அசை அது. உட்கார இடம் இருந்தாதான் அழுத்தம் பின்வாங்கும். அ பொˈலைட் ˈமேன்னு முட்டிக்கிட்டேதான் சொல்லுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு துளி நேரம் இழுப்பாங்க, அவ்வளவுதான்.

தஞ்சை_டீச்சர்

தெளிவாகிவிட்டது. மிடில்-ஏஜ்ட், பெயின்ஸ்டேக்கிங், செல்ஃப்-சஃபிஷண்ட் மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, இணைப்பில் வெட்டுவதிலிருந்து பிள்ளைகளையே தொடங்கச் சொல்லப் போகிறேன். டபுள்-எட்ஜ்ட் என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். மிடில்-ஏஜ்ட் மாதிரியே ட-ப்ல்-எட்ஜ்ட், மூன்று அசை, ˌடபுள்-ˈஎட்ஜ்ட் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஒலியியல்_மாணவன்

ஆமாம் மேடம், மூன்றேதான். கத்தி பின்னால் வந்தால் ˈடபுள்-எட்ஜ்ட் ˈநைஃப்.